நிகர எடை

பகாவ் சடக்கில், செம்பனை ஆலை வாசலில்
எடைப்பாலம். அதன் கண்ணாடிக் கூண்டில் நான்.
லோரி நிறைந்து வரும், நிறுப்பேன்.
கொட்டிவிட்டுக் காலியாய்த் திரும்பும், மறுபடி நிறுப்பேன்.
கழித்தால் நிகர எடை.
லாசர் கதையையும் அப்படித்தான்:
அவர் சொல்லும்போது ஒரு தடவை,
அவர் மனைவி தேவநாயகி பேசி முடித்ததும் ஒரு தடவை.

லாசர் என்பது நாங்கள் வைத்த பேர்.
கடப்பிதழில் லஸ்ஹர் கெத்ரி, துனீசியா.
வேதக்காரர் என்று நினைத்துப்
பாதிரியார் இரண்டு முறை வீட்டுக்குப் போய்
இரண்டு முறையும் காப்பி குடித்துத் திரும்பினார்.
"எந்த வேஷமும் போடுவேன் ஃபாதர்,
வசனம் நீளமா இருக்கணும்."

பிறந்தது மெத்லாவி, பாஸ்பேட் தோண்டும் ஊர்.
கம்பெனி வீடு, கம்பெனிச் சங்கு,
கம்பெனிக் கடையில் கடன்.
"ஒங்க எஸ்டேட்தான். மழையை மட்டும் கழிச்சிடு."
பதினாறு வயதில் முதல் வேஷம்: பிணம்.
ஒரு மணி நேரம் மூச்சடக்கிக் கிடந்தேன் என்பார்.
"இருவது நிமிஷம்," வெங்காயம் நறுக்கியபடி தேவநாயகி,
"நடுவுல தும்மினாரு."

பிணம் எழுந்து படைவீரன் ஆனது.
படைவீரன் மந்திரி. மந்திரி இயக்குநர்.
முக்கால் நாற்காலி ஒன்றை அரியணையாக வைத்து
ஒரு நாடகம் போட்டார்.
கடைசிவரை அரசன் உட்காரமாட்டான்,
உட்கார்ந்தால் கவிழும் என்று அவனுக்குத் தெரியும்.
ஊருக்கும் தெரியும்.
மூன்றாம் இரவு வந்த போலீஸ்
முதலில் நாற்காலியை வண்டியில் ஏற்றியது,
அப்புறம் இவரை.
சிறை இரண்டு வருஷம் என்பார்.
எட்டு மாதம் என்பார் தேவநாயகி.
நாற்காலி திரும்பவில்லை என்பதில்
இருவருக்கும் ஒரே கணக்கு.

ஜெட்டாவில், ஓட்டல் வாசலில்,
ஒன்பது வருஷம் கதவு திறந்துவிட்டதை
அவர் சொன்னதே இல்லை.
குடல்வால் அறுத்த அன்று, மயக்கத்தில்,
ஐந்து குரலில் பேசினாராம்.
"அஞ்சு பேர்ல ஒருத்தன் நல்லவனாட்டம் இருந்தான்.
அவனைக் கட்டிக்கிட்டேன்"
என்கிறார் எங்கள் ஊர் நர்ஸ்.

அந்த நாடகத்தைப் போன நவம்பரில்
பழைய கித்தா ஸ்டோரில் போட்டோம்.
வசனம் முழுக்க எடைச்சீட்டுகளின் முதுகில்.
திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொடுப்பவள் நான்.
விளக்கு, இரண்டு டிராக்டர்.
அரசன், உரம் போடும் ரஃபிகுல், வங்காளதேசம்.
தமிழே வராதே என்றோம்.
"அரசன் பேசுறது யாருக்குப் புரிஞ்சிருக்கு?" என்றார்.

இரண்டாம் காட்சியில் மழை.
தகரக் கூரைமேல் ஆயிரம் பேர்
ஒரே நேரத்தில் கைதட்டுவது போல.
நான் கத்திய சொல்
என் உதட்டைத் தாண்டவில்லை.
கோமளா வாயைத் திறந்து திறந்து மூடினாள்.
இரண்டு வெள்ளி கொடுத்த சனம் குடையைத் தேடியது.

முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார்.
என் கைச் சீட்டுகளை வாங்கி மடித்து
சட்டைப் பையில் வைத்தார்.
மேடை நடுவில் போய்ப் படுத்தார்.

அவ்வளவுதான்.
பிணம் கிடந்தால் சுற்றி என்ன நடக்கும் என்று
எஸ்டேட்டில் எவருக்கும் சொல்லித்தர வேண்டாம்.
கோமளா தலைமாட்டில் உட்கார்ந்தாள்.
மந்திரி தலைப்பாகையைக் கழற்றினார்.
சனத்திலிருந்து யாரோ ஒருவர் மேலே ஏறி,
வேஷ்டி நுனியால் அவர் காலில் இருந்த சேற்றைத் துடைத்தார்.
டிராக்டர் வெளிச்சத்தில்
அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை.

மழை பட்டென்று நின்றது.
வசனம் யாரிடமும் இல்லை.
என்ன செய்வதென்று தெரியாத ரஃபிகுல்
உட்கார்ந்துவிட்டான்.

நாற்காலி கவிழவில்லை.
மந்திரி வேஷம் கட்டிய தச்சர் சிலம்பரசு
சாயங்காலமே நாலாவது கால் அடித்திருந்தார்:
"பாவம், ஊர்விட்டு ஊர் வந்த புள்ள, விழுந்துடும்."

முதலில் சிரித்தது பிணம்.

மறுநாள் தேவநாயகி கூண்டுக்கு வந்தார்.
"ஒரு மணி நேரம் மூச்சடக்கினேங்கிறாரே, நெசமா?"
நாற்பத்தொரு நிமிஷம். நான் கடிகாரம் பார்த்தவள்.
வெளியே லோரி ஹார்ன் அடித்தது.
"ஒரு மணி நேரந்தான்" என்றேன்.
அவர் கழிக்கவில்லை.